ஏழாவது கட்டம்

என் சலவைக் கடையில் பிள்ளைகளுக்குப் பாய் விரித்தது என் யோசனை இல்லை. நூலகத்தில் வேலை பார்க்கிற பெண்ணின் யோசனை. போன வருஷம் ஒரு நாள் வீட்டுத் திரைச்சீலைகளைத் துவைக்கக் கொண்டுவந்தவள், மெஷின் நிற்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று அம்மாக்கள் துணிக்காகக் காத்திருந்தார்கள். நாலு பிள்ளைகள் அழுக்குக் கூடைக்குள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள்.

"அக்கா, இந்தப் பசங்க தினமும் இங்கதான் இருக்காங்களா?"

"பின்ன எங்க போவாங்க? மெஷின் என்ன அவங்க வீட்டுக்கா வரும்?" என்றேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே ஒரு பாய், பை நிறையப் படப் புத்தகம், மரக்கட்டைகள் சகிதம் வந்து நின்றாள். கூடவே மருத்துவ மையத்து நர்ஸையும், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்பு டீச்சரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளியில் சேரப்போகிற பிள்ளைகளை நாலு இடமும் சேர்ந்து தயார் செய்யும் திட்டமாம். நாலாவது இடம் என் கடை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கறை எடுக்கச் சொன்னால் எடுப்பேன், எனக்கெதற்கு இந்த வேலை என்று கேட்டேன். "உங்க கடையிலதான் பசங்க இருக்காங்க, அதான்" என்றார் டீச்சர். பெஞ்சை ஓரமாக நகர்த்திப் பாய்க்கு இடம் விட்டேன். நான் எதிர்வாதம் செய்யாமல் விடுவது அபூர்வம். தெருவில் எனக்கு ரேடியோ என்று பெயர்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். அதில் பத்துக் கட்டம். தானாகச் சட்டைப் பட்டன் போடுகிறதா, அம்மாவை விட்டு ஒரு மணி நேரம் இருக்கிறதா, தன் முறை வரும்வரை காத்திருக்கிறதா, இப்படி. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூன்று சின்ன வட்டம். ஒன்று எனக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று நர்ஸுக்கு. அவரவர் இடத்தில் பிள்ளை செய்வதைக் கண்ணால் பார்த்தால் அவரவர் வட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் தினமும் என் கடையில் இருந்ததால் முதல் டிக் பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருக்கும். நூலகத்துக்குப் பிள்ளைகள் சனிக்கிழமை மட்டும் போவார்கள். நர்ஸிடம் பதினைந்து நாளைக்கு ஒரு முறை.

பட்டன், ஜிப், ஷூ எல்லாம் என் பொறுப்பு. பழைய சட்டைகளைக் கயிற்றில் மாட்டி, யார் முதலில் பட்டன் போடுகிறார்கள் என்று போட்டி வைத்தேன். இரண்டு மாதத்தில் ஒரு வாண்டு என் ஏப்ரனையே அவிழ்த்துக் கட்டியது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏழாவது கட்டத்துக்கு வருகிறேன். அதில், 'வீட்டார் அல்லாத பெரியவரிடம் தன் தேவையை வாய் திறந்து சொல்கிறது' என்று போட்டிருந்தது.

என் கடையில் இஸ்திரி போடுகிறவளுக்கு ஒரே மகள். ஐந்து வயதாக மூன்று மாதம் இருந்தது. ஆள் இத்தனூண்டு என்பதால் பொடிசு என்று கூப்பிடுவோம். அம்மா இஸ்திரி போட, அவள் சாக்ஸ் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து ஜோடி சேர்ப்பாள். கறுப்பு சாக்ஸ் முப்பது இருந்தாலும் எது எதோடு என்று கண்டுபிடித்துவிடுவாள், எனக்கே அது வராது. படத்தைக் காட்டி நாய் எங்கே என்றால் விரல் வைப்பாள், வரிசையில் நிற்பாள், கட்டைகளை மற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். ஆனால் ஏழு மாதத்தில் அவள் குரலை நான் கேட்டதில்லை.

"வீட்டுல வாய் மூடமாட்டா அக்கா. தூங்கறவரைக்கும் பேச்சுதான்" என்பாள் அவள் அம்மா. நானும் நம்பினேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

அட்டைகளை என்னிடமிருந்து நூலகத்துக்கும் பிறகு நர்ஸுக்கும் வாங்கிப் போகிற வாரம், இஸ்திரிக்காரி என் மேஜை பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த ஏழாவதையும் போட்டுடுங்களேன். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் அடுத்த வருஷம் வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

அந்த எல்லாரும் யார் என்று நான் கேட்கவில்லை. ஓட்டல் போர்வைகள் வந்து இறங்கியிருந்த நேரம். அவள் முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. பள்ளிக்கூடம் போனால் தானாகப் பேசிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

சலவைக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மூட்டையை ஒருத்தர் எண்ணிச் சீட்டுக் குத்திவிட்டால் அடுத்தவர் அதைப் பிரித்து எண்ண மாட்டார். எண்ணினால் முதலில் எண்ணியவரைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும், சண்டை வரும். இந்த வழக்கம் சலவைக் கடையில் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை மதியம், மெஷின்களை நிறுத்திவிட்டு என் கடையிலேயே நாலு பேரும் கூடினோம். டீச்சர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகம் மலர்ந்துபோயிற்று.

"இருபத்து மூணு அட்டையும் முழுசா நிரம்பியிருக்கு. நான் எதிர்பார்க்கவே இல்ல. அப்போ இந்த வருஷம் உதவியாளர் கேட்க வேண்டியதில்ல."

"என்ன உதவியாளர்?" என்றேன்.

"முதல் கூட்டத்துலயே சொன்னேனே. காலிக் கட்டம் இருக்கற பிள்ளைக்குப் பக்கத்துல உட்கார வகுப்புல ஒரு ஆள் குடுப்பாங்க. மாசக் கடைசிக்குள்ள பேர் போட்டுக் கேட்கணும். விட்டா ஒரு வருஷத்துக்குக் கிடைக்காது. என் வகுப்புல நாப்பது பசங்க, நான் ஒருத்திதான்."

சொல்லியிருப்பார். அந்த முதல் கூட்டத்தில், பைஜாமாவைச் சுருக்கிவிட்டேன் என்று சண்டைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரின் கதையை நான் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாவது கட்டத்தில் நான் போட்ட டிக் நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இருபத்து மூன்றும் நிரம்பியதற்கு எல்லோரும் கை தட்டினார்கள், நூலகத்துப் பெண்ணின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. மற்ற இரண்டு பேரும் டிக் அடித்திருக்கிறார்களே, அங்கே போய்ப் பேசியிருப்பாள் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதுவும் மூடக்கூடாத இடத்தில்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இஸ்திரிக்காரி மடித்த துணிகளைக் கொடுக்க எதிர்க் கட்டடத்து மூன்றாம் மாடிக்குப் போயிருந்தாள். பொடிசு பின்னறையில் இருந்தாள். மெஷின்கள் நாலும் அந்த அறையில்தான், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டல் மேலாளர் போன் செய்தார், போர்வையில் மஞ்சள் கறை என்று ஒரே புகார். சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை. முன்னறைக்கு வந்து நடுக் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்தினேன். கதவு முழுசாகச் சேரவில்லை. மழைக்கு ஊதியிருக்கும் என்று நினைத்து, ஈரத்துணிக் கூடையை நகர்த்தி முட்டுக் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். கறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிக்காமல் விடமாட்டேன் என்று நின்றேன். நிரூபித்தும் விட்டேன்.

பேசி முடித்துக் கூடையை நகர்த்திக் கதவைத் திறந்தபோது பொடிசு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கீல் பக்கத்து இடுக்கில் அவள் இடது கையின் இரண்டு விரல்கள் அதுவரை மாட்டிக்கொண்டிருந்தன. முகமெல்லாம் கண்ணீர், சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. வாயிலிருந்து சத்தம் இல்லை. அப்புறம் பார்த்தேன், போனில் அழைப்பு நேரம் ஆறு நிமிஷம் என்று காட்டியது. ஆறு நிமிஷமும் அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைக் கதவு மட்டும்.

அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவ மையத்துக்கு ஓடினேன். எலும்பு தப்பித்தது, ஒரு நகம் கறுத்துவிட்டது. நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே, "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டாள். பொடிசு தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்போதுதான் கேட்டேன். "சிஸ்டர், இவ உங்ககிட்டப் பேசியிருக்காளா?"

"என்கிட்டப் பேசினதில்ல. ஆனா அட்டையில நூலகத்துப் பொண்ணு போட்டிருந்தாங்களே. அவங்ககிட்டப் பேசறா, ஊசி போடறவகிட்டப் பேசப் பயப்படறான்னு நினைச்சு நானும் போட்டேன்."

நூலகம் அங்கிருந்து நாலு கட்டடம் தள்ளி. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். நூலகத்துப் பெண் கட்டைப் பார்த்துப் பதறினாள். கேள்வியைக் கேட்டதும் திருதிருவென்று விழித்தாள்.

"அக்கா, நீங்க போட்டிருந்தீங்களே. தினமும் பார்க்கறவங்க நீங்க. உங்ககிட்டப் பேசறவ என்கிட்டப் பேசலன்னா, குறை என்னோடதுதானேன்னு..."

மூட்டையைப் பிரித்து எண்ணாத ஆட்கள் ஊர் முழுக்க இருந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது, அவர்கள் மேல் இல்லை. முதல் சீட்டைக் குத்தியவள் நான்.

கடைக்குத் திரும்பியதும் குழந்தையை அம்மாவிடம் கொடுத்து, கதவைச் சாத்தியது நான்தான் என்று சொன்னேன். புதன்கிழமை காலை நர்ஸும் நூலகத்துப் பெண்ணும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார், ஏழாவது கட்டத்தில் அவரவர் டிக்கை அவரவரே கோடு கிழித்து நீக்கினோம். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள அனுப்பணும். அம்மா கையெழுத்து இல்லாம செல்லாது. என்ன உதவி வேணும்னு ஒரு இடம் இருக்கு, அதையும் அவங்கதான் எழுதணும்."

அது பெரிய விஷயமில்லை என்று நினைத்தேன். படிவத்தை இஸ்திரி மேஜை மேல் வைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். காலியாக இருந்தால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஆள்தான் தருவார்கள் என்றும் சொன்னேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

"டிக்கை அழிச்சுட்டீங்களா?"

"ஆமா."

"என்னைக் கேட்காமலா?"

"நல்லதுக்குத்தானே..."

"கதவைச் சாத்தினது நீங்க. குறையை என் பொண்ணு தலையில எழுதறீங்களா?"

நான் எதையோ சொல்லப் போனேன். அவள் விடவில்லை.

"பக்கத்துல ஒரு ஆளை உட்கார வெச்சா மத்த பசங்க என்ன சொல்லுவாங்க? ஊமைன்னு சொல்லுவாங்க. பெரியவங்களும் சொல்லுவாங்க. அந்தப் பேர் ஒட்டினா போகாது அக்கா. எங்க அண்ணனுக்கு ஒட்டிச்சு, எனக்குத் தெரியும். அவன் கல்யாணப் பத்திரிகைக்குள்ளயே அந்தப் பேரை எழுதிக் கிண்டல் பண்ணினாங்க. அவ பேசுவா. நீங்க யாரும் கேட்கலன்னா அதுக்கு அவ என்ன பண்ணுவா?"

அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையை மட்டும் செய்தாள். வேலையில் குறை சொல்ல முடியாது, காலர் எல்லாம் கத்தி மாதிரி நின்றன. படிவம் மேஜை ஓரத்தில், ஸ்டார்ச் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. வியாழக்கிழமையும் அப்படியே போயிற்று. கையெழுத்துப் போடு என்று கெஞ்சலாமா, அதட்டலாமா என்று எனக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தேன். சாத்தியது என் கை, இல்லை என் இடுப்பு. என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு அதட்டுவது? வாடிக்கையாளர்கள் வந்து, "என்ன, ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். கடையில் நாங்கள் மூன்று பேர்தான். நான் இந்தப் பக்கம் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன், அவள் அந்தப் பக்கம் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பொடிசு கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பின்னறையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடி முடிந்து நின்றன. எப்போதும் ஒன்று நின்றதும் அடுத்த சுமையைப் போட எழுந்துவிடுவேன். அன்றைக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. நான் அந்தக் கடையை வாங்கிய பதினொரு வருஷத்தில், பகலில் அவ்வளவு அமைதியாக அது இருந்ததில்லை.

"நான் கூப்பிட்டேன்."

யார் பேசினது என்று முதலில் எனக்குப் புரியவில்லை. தாள் உரசுகிற அளவுக்குத்தான் சத்தம். இஸ்திரிக்காரியின் கை நின்றது.

"எப்ப கூப்பிட்ட?"

"கதவுல. கை மாட்டிக்கிச்சுல்ல, அப்ப."

"யாரைக் கூப்பிட்ட?"

"பெரியம்மாவை." அவள் என்னைப் பார்க்கவில்லை, சாக்ஸைத்தான் பார்த்தாள். "நிறைய தடவ கூப்பிட்டேன். பெரியம்மா பேசிட்டே இருந்தாங்க. அப்புறம் கூப்பிடல."

என்னால் தாங்க முடியவில்லை. மடித்த துண்டுகளின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். ஏழு மாதமாக இந்தக் குழந்தை பேசவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள், அதை ஒரு பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் கேட்கவில்லை. இதற்கு முன்னால் எத்தனை தடவை கூப்பிட்டாளோ, அதுவும் எனக்குத் தெரியாது.

இஸ்திரிக்காரி பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். குழந்தையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவளும் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பிறகு ஸ்டார்ச் டப்பாவை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"பேனா குடுங்க அக்கா."

கொடுத்தேன். கையெழுத்தை உடனே போட்டாள். 'என்ன உதவி தேவை' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். அந்த இடத்தில் எழுதுவதற்கு என்னிடம் இருபது வாக்கியம் இருந்தது, இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதி முடித்து, என் பக்கம் தாளைத் திருப்பினாள்.

'என் மகள் பேசுவாள். குரல் சின்னது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆள் வேண்டும்.'

மணி பதினொன்றாகிவிட்டது. தாளை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.